பூஜை ரூமில் நாலாம் நம்பர் சென்சார்

புகுந்த வீட்டில் சமைத்துக் காட்டலாம், கோலம் போட்டுக் காட்டலாம். படித்ததை மட்டும் செய்து காட்டக் கூடாது. இந்தப் புத்தி எனக்கு ரொம்பத் தாமதமாக வந்தது.

நான் சிதம்பரத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். பெண் பார்க்க வந்தபோது "பொண்ணு இன்ஜினியர்" என்பதை ஒரு நகையைப் பார்ப்பது போல எல்லாரும் ஆசையாகப் பார்த்தார்கள். கல்யாணம் முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். (நகையையாவது விசேஷத்துக்கு வெளியே எடுப்பார்கள்.)

காட்டுமன்னார்கோயிலில் மாமனாருக்கு ரைஸ் மில். என் கணவரும் கொழுந்தனும் அதிலேதான். எனக்குக் கடலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். மாமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"மொதல்ல நம்ம மில்லுல எதனா செஞ்சு காட்டும்மா. அது ஒழுங்கா ஓடுச்சின்னா கடலூர் என்னா, சென்னைக்கே போயேன்" என்றார்.

அவர் சும்மா சொல்லியிருக்கிறார். நான் அதை அப்பாயின்ட்மென்ட் ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

புழுங்கல் அரிசிக்கு நெல்லை முதலில் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். எங்கள் மில்லில் அதற்கு ஆறு தொட்டிகள். சூடு இறங்கினால் நெல் புளித்து, அரிசி நாறிவிடும். அதனால் ஆட்கள் ஏணி ஏறி ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் ஆறு தொட்டியிலும் ஆறு சென்சார் இறக்கி, வயர்களை ஆபீஸ் ரூமில் ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்தேன். பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு கன்வெர்ட்டர். அது ஒவ்வொரு வயரிடமும் முறை வைத்து "உனக்கு என்ன சூடு?" என்று கேட்டு, வருகிற மின்சாரத்தை எண்ணாக மாற்றித் திரையில் போடும்.

ஓடியது. அருமையாக ஓடியது. மாமா நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "யாரும் ஏணி ஏற வேணாம். மருமவ டிவி சொன்னா மட்டும் ஸ்டீமைத் தொறங்க" என்று உத்தரவு போட்டார். நான் கடலூருக்கு எந்த பஸ்ஸில் போனால் உட்கார இடம் கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

அப்போது ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு எங்கள் மில்லில் அசைகிற பொருள், அசையாத பொருள் எல்லாமே குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். மோட்டார், தராசு, லாரி, ஸ்பேனர், எதுவும் தப்பாது. நான் வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். (இன்ஜினியருக்கு அன்று கரண்டிதான் ஆயுதம்.) சென்சார்களையும் பிளக்கைப் பிடுங்கி எடுத்துப்போய்க் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து மில் ஆபீஸ் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுக்கவைத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பூஜை முடிந்து கொழுந்தன் அவற்றைத் திரும்ப மாட்டினார். ஐந்தை மாட்டினார்.

மறுநாள் மில் ஓடியது. திரையில் ஆறு எண்களும் பளிச்சென்று வந்தன. அதற்கு மறுநாள் பெண்ணாடத்திலிருந்து சம்பந்தி வந்தார். என் நாத்தனாரின் மாமனார். நாலாம் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது அவர் வீட்டு நெல்தான். மாமா என்னைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார். நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சம்பந்திக்கு ஒரு லெக்சர் கொடுத்தேன்.

"பாருங்க மாமா, மூணாவது தொட்டியும் நாலாவது தொட்டியும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி. ஒரு புள்ளி வித்தியாசம் இல்ல!"

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எந்த இரண்டு தொட்டியும் அப்படி ஒத்துப்போகாது. எனக்கு உறைக்கவில்லை, உச்சி குளிர்ந்திருந்தது.

சம்பந்தி மூக்கைச் சுளித்தார். "என்னா சம்பந்தி, பக்கத்துல சாராயம் காய்ச்சுறாங்களா?"

எல்லாரும் ஏணி ஏறினோம். மாமா நாலாம் தொட்டி மூடியைத் திறந்து கையை விட்டார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. நெல் நுரைத்துப் போயிருந்தது.

"டிவில கொதிக்குது, தொட்டில குளுருதே பாப்பா" என்றார் சம்பந்தி. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பரிதாபப்பட்டுச் சொன்னார்.

நான் சென்சாரைப் பிடித்து மேலே இழுத்தேன். வயர் மட்டும் வந்தது. முனையில் ஒன்றும் இல்லை.

சம்பந்திக்குக் காபி கொண்டுவந்த அத்தை கீழேயிருந்து கேட்டார்: "அந்தக் கம்பியா? பூஜைத் தட்டோட வீட்டுக்கு வந்துச்சு, பூஜை ரூம்ல இருக்குதே. சாமி கம்பின்னு நெனச்சேன். ரெண்டு நாளா பூ வெச்சிக்கிட்டிருக்கேன்."

வயர் கழன்றால் பூஜ்யம்தானே வர வேண்டும் என்பீர்கள். வராது. மூன்றாவது வயரிடம் வாங்கிய மின்சாரம் கன்வெர்ட்டர் வாசலில் கொஞ்சம் தங்கியிருக்கும். நாலாவதிடம் ஒன்றும் வராதபோது அது அதையே திரும்பப் படித்து, நாலாவதன் பேரில் எழுதிவிடும். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதுகிற கதைதான். அந்த மிச்சத்தை வடித்துவிட ஒரு சின்ன ரெசிஸ்டரைப் போட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். எல்லாம்தான் மாட்டியிருக்கிறதே, யார் கழற்றப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஆயுத பூஜையைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை.

அன்று சாயங்காலம் கூடத்தில் தீர்ப்பு. "வேலைக்கிப் போறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் மாமா. பிளக்கைப் பிடுங்கிய கொழுந்தன் பொரியைக் கொறித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

கணவரைப் பார்த்தேன். கடலூர் வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னவரே அவர்தான்.

"நீங்க என்னங்க சொல்றீங்க?"

அவர் மாமாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "வேலைக்கிப் போறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார். அந்த 'ம்மா' உட்பட. ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

மறுநாள் ஆறு வயருக்கும் ரெசிஸ்டர் வைத்தேன். பெட்டி இன்றும் பிசகாமல் ஓடுகிறது. கொழுந்தன்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார், வருகிறவர்களிடம் "நம்ம சிஸ்டம்" என்கிறார். நாலாம் நம்பரை அத்தை திருப்பித் தரவில்லை. வேறு வாங்கிப் போட்டேன். அது பூஜை ரூமிலேயே இருக்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல் பூ கிடைக்கிறது. எங்கள் வீட்டில் மரியாதையாக இருக்கிற ஒரே இன்ஸ்ட்ருமென்ட் அதுதான்.

யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதை உண்டு. மாமாவுக்கு இப்போது மூச்சு வாங்குவதால் என் கணவர் சொல்கிறார், மாமா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, மாமா சிரிக்கிற இடத்தில் சிரித்து. கூடமே குலுங்கும்.

காபித் தட்டோடு நிற்கிற நான் இடப்பக்கம் பார்ப்பேன், வலப்பக்கம் பார்ப்பேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிடுகிறேன்.