இருபது லேபிள்கள்

பள்ளி ஆய்வகத்தின் புட்டிகளையும் பாறைத் தட்டுகளையும் ஈரத்துணியால் பளபளவென்று துடைத்துவிட்டுப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார் உதவியாளர். ஒட்டியிருந்த இருபது லேபிள்களும் உரிந்து மேசையில் கிடந்தன.

பத்தரைக்கு ஏழாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. அது முடிந்ததும் அவருடைய வேலையை நிரந்தரமாக்கும் தாளில் அறிவியல் டீச்சர் கையெழுத்துப் போடவேண்டும். ஏற்கெனவே போன மாதம் குடுவை ஒன்றை உடைத்துக் கெட்ட பெயர் வாங்கியிருந்தார். சுத்தமாவது செய்து நல்ல பெயர் எடுப்போம் என்றுதான் காலையிலேயே வந்து துணியை எடுத்தார். யார் எடுக்கச் சொன்னது?

காய்ந்தால் திரும்ப ஒட்டிவிடலாம் என்று லேபிள்களை மேசையில் பரப்பி மின்விசிறியைப் போட்டார். காய்ந்தது என்னவோ உண்மை. காய்ந்த கையோடு அத்தனையும் ஜன்னல் வழியாகப் பறந்து சாக்கடையில் விழுந்தன.

சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தார். காலையில் துடைக்கும்போது படித்தது நன்றாகவே நினைவிருந்தது. வௌவால், பறவை. சிலந்தி, பூச்சி. காளான், தாவரம். பளிங்குக் கல், எரிமலைப் பாறை. கடகடவென்று எழுதி ஒட்டினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று நூலகர் அம்மாவை அழைத்துவந்து காட்டினார். அந்த அம்மா முதல் புட்டியிலேயே நின்றுவிட்டார்.

"வௌவால் குட்டி போட்டுப் பால் குடுக்கும். அது எப்படிப் பறவை ஆகும்?"

"காலையில அப்படித்தாங்க போட்டிருந்துச்சு."

"சிலந்திக்கு எட்டுக் காலு. பூச்சிக்கு ஆறுதான். உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

அவருக்கு வியர்த்துவிட்டது. கண்ணால் பார்த்துப் படித்தது இரண்டு மணி நேரத்தில் மாறிப்போகுமா? அவருடைய பெரியப்பாவுக்கும் இப்படித்தான் மறதி ஆரம்பித்தது. வேலை போவது இருக்கட்டும், மூளையே போய்விட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

நூலகர் பாடப்புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். மணி பத்து. ஒட்டிய லேபிள்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி எழுதினார். வௌவால், பாலூட்டி. காளான், பூஞ்சை. பளிங்குக் கல், உருமாறிய பாறை. நம்மால் முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தார். கடைசி லேபிளை ஒட்டவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். டீச்சர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, பளபளக்கும் புட்டிகளைத் தூரத்திலிருந்து பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்க" என்றார். உதவியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரியப்பாவைக்கூட மறந்துவிட்டார்.

பிள்ளைகள் ஒவ்வொரு புட்டியாகக் குனிந்து பார்த்தார்கள். எழுத ஆரம்பித்தவர்கள் ஒருவரும் இல்லை. ஒரு சுற்று முடித்து, இரண்டாம் சுற்றும் வந்தார்கள். கடைசியில் முன்வரிசைப் பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"மிஸ், நீங்க வேணும்னே பத்து லேபிளத் தப்பா எழுதி ஒட்டியிருக்கீங்க, அதைக் கண்டுபிடிக்கணும்னு கேள்வியில இருக்கு. இங்க ஒண்ணுகூடத் தப்பா இல்லையே?"