ஊட்டி மண் வைத்தியம்

தொட்டியில் மஞ்சளடித்திருந்த இலையைக் கிள்ளி, யாரும் பார்க்காதபடி இடுப்பு வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார் ரத்தினசாமி. மடிப்பு ஏற்கெனவே புடைத்துக்கொண்டிருந்தது. இதே வேகத்தில் போனால் துரைசானி திரும்பி வரும்போது செடியெல்லாம் அவர் மடியில்தான் இருக்கும்.

வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருந்த, தோல் பதனிடும் ஷாப்பின் குடோன் ரைட்டர் அவர். நிழலில் நாற்காலி, தலைக்கு மேலே பங்கா, கையில் சாவிக்கொத்து. இந்தச் சுகத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

வெயில் காலத்துக்குத் துரைசானியோடு ஊட்டிக்குப் புறப்பட்ட ஷாப்பின் வெள்ளைக்காரத் துரை, பங்களா வராந்தாவில் இருந்த நாலு தொட்டிகளைக் காட்டி, “ரத்தினசாமி, செடி இருந்தா நீ குடோன். செடி செத்தா நீ சுண்ணாம்பு யார்டு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுண்ணாம்பு யார்டு என்றால், ஆட்டுத்தோலின் மயிர் உதிர்வதற்காக ஊறப்போடும் குழிகள். அங்கே ஒரு மணி நேரம் நின்றால் ஒரு வாரத்துக்கு நாற்றம் போகாது.

“அங்க போனீங்கன்னா, சோத்தைத் தெருவுலதான் வெப்பேன்” என்று அவர் மனைவி பங்கஜம் முதல் நாளே தெளிவுபடுத்திவிட்டாள்.

செடி, குண்டு குண்டாக நீலக் கொத்துப் பூக்கும் சீமைச் செடி. அதற்கு நம் ஊர் மண் ஒத்துக்கொள்ளாதாம். ஊட்டிச் சதுப்பில் வெட்டியெடுத்த ‘பீட்’ என்ற நார்மண்ணை மூட்டை மூட்டையாக ரயிலில் அனுப்பி, அதில் மாற்றி நடச் சொல்லியிருந்தார் துரைசானி. ரத்தினசாமி மூட்டைகளைக் குடோனில் இறக்கி வைத்தார். அந்த வாரக் கடைசி வேலையெல்லாம் முடிந்த பிறகு, மூட்டையைப் பிரித்துத் தம் கையாலேயே தொட்டிகளை நிரப்பி, செடிகளை நட்டார். நட்டதிலிருந்துதான் வந்தது வினை.

வேறு வழியில்லாமல் ஷாப்பின் கெமிஸ்ட் பரந்தாமனைக் கூட்டிவந்தார். மதராஸில் ரசாயனம் படித்துவிட்டு வந்த இளைஞர். எதைப் பார்த்தாலும் ஒரு காகிதத்தை நனைத்துப் பார்க்காமல் பேசமாட்டார்.

தொட்டியிலிருந்து வடிந்த தண்ணீரில் நீல லிட்மஸ் காகிதத்தை நனைத்தார். சிவந்தது.

“புளிப்பு ஜாஸ்தி, ரைட்டரே.”

“மண்ணுக்குக் கூடப் புளிப்பு உண்டா சார்?”

“பீட்டுக்கு ரொம்ப உண்டு. செடிக்கு வயித்துல அமிலம் மாதிரின்னு வெச்சுக்குங்க. சுண்ணாம்பு போட்டா அடங்கிடும்.”

சுண்ணாம்புக்கா பஞ்சம்? குழியோரம் இருந்த குவியலில் ஒரு கூடை அள்ளிவந்து, தொட்டிக்கு இரண்டு கை தாராளமாகவே போட்டார் ரத்தினசாமி. கம்மியாகப் போட்டுச் செடி செத்துவிட்டால் யார் பதில் சொல்வது?

அடுத்த வாரம், நீலமாக இருந்த பூவெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. துளிர் இலைகள் மஞ்சளாக வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது.

“சார், பூ கலரே மாறிப்போச்சு! துரைசானி வந்து இன்னா செடின்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?”

காகிதம் மறுபடி நனைந்தது. இந்த முறை சிவப்புக் காகிதம் நீலமானது.

“காரம் ஏறிடுச்சு. உங்கள யாரு ரெண்டு கை போடச் சொன்னது? திரும்பப் புளிப்பாக்கணும்.”

புளிப்பு என்றால் ரத்தினசாமிக்குத் தெரிந்தது புளி. வீட்டுப் பானையிலிருந்த புளி முழுவதையும் கரைத்து நாலு தொட்டிக்கும் ஊற்றினார்.

“செடிக்கு ரசம் வெக்கறீங்களா? அப்படியே பெருங்காயமும் போட்டுடுங்க. இங்க கொழம்புக்குப் புளி இல்ல” என்றாள் பங்கஜம். அந்த வாரம் முழுக்க அவருக்கு மோர்ச்சோறுதான்.

செடி தேறவில்லை. ஆனால் ஊரிலிருந்த எறும்பெல்லாம் பங்களாவுக்குக் குடிவந்தது. பட்லர் வேலாயுதம் எறும்பு கடித்த காலைச் சொறிந்துகொண்டே, “தொரை வரட்டும், எல்லாத்தையும் சொல்றேன்” என்று மிரட்டினான். ரத்தினசாமிக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. தூக்கத்தில்கூடச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

பரந்தாமன் வெளுத்த இலையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள். இது இரும்புச் சத்து இல்லாத கோளாறு. சுண்ணாம்பு அதிகமானா மண்ணுல இருக்கற இரும்பைச் செடியால எடுத்துக்க முடியாது. அன்னபேதி கரைச்சு ஊத்துங்க. அது இரும்பு உப்புதான்.”

“இது சரியாப் போயிடுமா சார்?”

“சயின்ஸ், ரைட்டரே!”

அன்னபேதித் தண்ணீரை ஊற்றிய மறுகணம் தொட்டி மண் கன்னங்கரேலென்று கறுத்தது. அடியிலிருந்து மை மாதிரி ஒழுகி, துரைசானி பெருமையோடு போட்டிருந்த வெள்ளைக்கல் தரையில் நாலு பக்கமும் ஓடியது. வேலாயுதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ரத்தினசாமி விரலால் தொட்டுப் பார்த்தார். “சார், தோலை ஊறவெக்கற நம்ம பட்டைக் குழியில இரும்பு விழுந்தா கறுக்கற மாதிரி இல்ல இது?”

“எந்த மண்ணுலயும் கொஞ்சம் துவர்ப்பு இருக்கும். பீட்டுல கூடவே இருக்கும். இதுக்கெல்லாம் பேஜாராவாதீங்க” என்றார் பரந்தாமன், தம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

தரையைத் தேய்த்துத் தேய்த்து ரத்தினசாமியின் முழங்கால் தேய்ந்தது. கறை சாம்பல் நிறத்துக்கு வந்து, அதற்கு மேல் நகரமாட்டேன் என்றது.

இருந்தாலும் துளிர் கொஞ்சம் பச்சையானது. இப்போது அடி இலைகள் மட்டும் முழுசாக வெளுத்து உதிர்ந்தன. பரந்தாமன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். “இது பசி. தழைச்சத்து இல்ல. நம்ம ஷாப்புல தோல்லருந்து சீவற சவ்வு இருக்குல்ல, அதை ஊறவெச்ச தண்ணி ஊத்துங்க. அதைவிட நல்ல உரம் கிடையாது.”

ஊற்றினார். செடிக்கு முன்னால் ஷாப்பு நாய்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை ரத்தினசாமி வந்து பார்த்தபோது தொட்டிகள் நாலும் உருண்டு கிடந்தன. மண் வராந்தா முழுக்கச் சிதறியிருந்தது. வேலாயுதம் ஒரு மேஜைமேல் ஏறி நின்று நாய்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.

ரத்தினசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. தரையில் மண்டியிட்டு, ஊட்டி மண்ணை ஒரு துளிகூட விடாமல் கையாலேயே கூட்டி அள்ளினார். அந்த வழியாகப் போன பட்டைக் கொட்டகை வேலைக்காரி பூவம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ரைட்டரய்யா, இன்னாத்துக்கு இதப் போயி…”

“பேசாத! மிதிக்காத! இது இன்னா மண்ணுன்னு உனக்குத் தெரியுமா? ரயில்ல வந்தது!”

பூவம்மாள் வாயை மூடிக்கொண்டாள். ரைட்டரிடம் எதிர்ப்பேச்சுப் பேசினால் சனிக்கிழமைச் சக்கை கிடைக்காது. தோல் பதனிட்டுச் சாறிறங்கிய ஆவாரம் பட்டைச் சக்கையைக் காயவைத்து, வாராவாரம் வேலைக்காரப் பெண்களுக்கு அடுப்பெரிக்கக் குடோனிலிருந்து மூட்டையாகக் கொடுப்பது அந்த ஷாப்பின் வழக்கம். கொடுப்பவர் ரத்தினசாமி.

அள்ளிய மண்ணோடு ஆட்டெருவைக் கலந்து, செடிகளைத் திரும்ப நட்டு, பரந்தாமனுக்குச் சொல்லாமல் சும்மா விட்டுவிட்டார். இனிமேல் சயின்ஸ் அந்தப் பக்கம் வந்தால் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்புவதென்று முடிவு. ஆச்சரியம், செடி தழைத்தது. இலை கரும்பச்சையானது. மொட்டு வைத்தது. சில கொத்து நீலம், சில கொத்து ரோஸ், சிலதில் இரண்டும் கலந்து.

துரையும் துரைசானியும் ஊட்டியிலிருந்து இறங்கினார்கள். ரத்தினசாமி வராந்தாவின் கறைமேல் பாயைப் போட்டு, பாய்மேல் தாமே நின்றுகொண்டார்.

துரைசானி பூவைப் பார்த்து இரண்டு கையையும் தட்டினார். தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் துரையிடம் காட்டி, இங்கிலீஷில் மளமளவென்று பொரிந்தார். பரந்தாமன் முன்னால் வந்து நின்று தமிழ்ப்படுத்தினார்.

“எவ்வளவு கறுப்பு பாருங்க, அசல் பீட்டுன்னா இதான்றாங்க. ஒரே செடியில ரெண்டு கலர் பூவ இவங்க சீமையிலயே பார்த்ததில்லையாம்.”

துரை ரத்தினசாமியின் தோளைத் தட்டினார். “ரத்தினசாமி, நீ குடோன். சாகிற வரைக்கும் குடோன். ஊட்டியிலிருந்து ஒரு வேகன் பீட் வருது. வேலூர்லருந்து துரைசானிமாரெல்லாம் அடுத்த வாரம் வர்றாங்க. நீ பீட்டுல செடி வளர்க்கிறது எப்படின்னு காட்டறே.”

ரத்தினசாமிக்கு உச்சி குளிர்ந்தது. பங்கஜத்திடம் இன்றைக்கு வாய்நிறையப் பேசலாம். பாயின் மேலேயே நின்றபடி, முற்றத்தில் கூடிநின்ற வேலையாட்களைப் பெருமையோடு பார்த்தார். தம் வாழ்நாளில் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பாகச் சிரித்தார்.

கூட்டத்திலிருந்து பூவம்மாள் சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள்.

“ஊட்டி மூட்டை இன்னும் வருதா ரைட்டரய்யா? போன வாட்டி சனிக்கிழமை அடுப்பெரிக்கன்னு எங்களுக்குத் தூக்கிக் குடுத்தீங்களே, பொட்டுப் பொகை இல்லாம எரிஞ்சுதுங்க. நீங்க தொட்டியில போட்டிருக்கீங்களே நம்ம பட்டைச் சக்கை, அதுலதான் கண்ணு எரியுது!”