தராசண்ணன் நடத்திய இன்டர்நெட் வகுப்பு

இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பேசியதைவிட அதைப் பற்றி அதிகமாகப் பேசியவர் எங்கள் தராசண்ணன்தான். கேமரன் மலையில் நான் கிராணியாகக் கணக்கு எழுதும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மனிதருக்குக் காலில் சக்கரம். சாக்கைத் தராசில் மாட்டுவார்; முள் ஆடி நிற்பதற்குள் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடிப் பத்தடி போய்விடுவார். தேநீரை நடந்துகொண்டேதான் குடிப்பார். பாதி அவருக்கு, பாதி சட்டைக்கு.

அவருடைய வகுப்பு நடப்பது நிறுவைக் கொட்டகையில். முதுகில் சாக்கோடு வரிசையில் நிற்கும் பெண்கள்தான் மாணவிகள். ஓடித் தப்ப வழியில்லாதவர்கள்.

"வெப்சைட்டுன்னா ஒரு கடைன்னு வச்சுக்க. சாமான் எல்லாம் சர்வருங்கிற ஸ்டோர்ல கெடக்கு. பிரவுசருங்கிறது நம்ம லோரி. அட்ரஸக் கொடுத்தா, போயி ஏத்திக்கிட்டு வந்து உன் வாசல்ல எறக்கும்."

"அண்ணே, மொதல்ல என் சாக்க எறக்குங்க லா."

"எறக்குறேன். இப்படி எறக்குறதுதான் டவுன்லோடு."

அப்படியென்றால் அப்லோடு எது என்று யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டார்கள்.

"பள்ளத்துலேருந்து சாக்கத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு வர்றியே, அது. அதான் எப்பவும் மெதுவாப் போவுது."

இதற்கு மட்டும் வரிசை மொத்தமும் தலையாட்டியது. குக்கீ என்பது கடைக்காரர் நம்மிடமே கொடுத்தனுப்பும் துண்டுச் சீட்டு என்றும், மறுபடி போனால் அதைப் பார்த்துத்தான் நம்மை அடையாளம் கண்டுகொள்வார் என்றும் அவர் சொன்னதை, குறை கண்டுபிடிக்கும் ஆசையில் நான் விசாரித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

வம்பு வந்தது பாஸ்வேர்டில். "உனக்கு மறக்கவே கூடாது, அடுத்தவனுக்குத் தோணவே கூடாது, அப்படி ஒண்ணு வையி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து வரிசையில் நின்றவர்கள் பேச்சுவாக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேரும் தோட்டத்து மாரியம்மன் பெயரை வைத்து, பின்னால் ஒன்று இரண்டு மூன்று என்று போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "வேற சாமி பேரப் போட்டா ஆத்தா கோவிச்சுக்காதா?" என்று பதில் வந்தது.

தராசண்ணன் தராசை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். "எல்லாரும் இன்னைக்கே மாத்துங்க. புதுசா வைக்கிறத புருஷன்கிட்டயும் சொல்லக் கூடாது. எங்கிட்டயும் சொல்லக் கூடாது. அடிக்கும்போது யாரும் பாக்கவும் கூடாது." அவருடைய பாஸ்வேர்டும் அதேதான் என்பது எனக்குத் தெரியும். போனால் போகிறது என்று காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த வரிசையில் அஞ்சலை அக்காவும் இருந்தார். அவருக்கு முட்டி போய்விட்டது, இனி சரிவில் ஏறிக் கொழுந்து எடுக்க முடியாது. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும், தோட்டத்து வழக்கம் அப்படி. வேறு வீடு இல்லை. நல்லவேளையாக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஓர் இடம் காலியானது. ஆனால் விண்ணப்பம் இன்டர்நெட்டில் மட்டும்தான் என்றது தலைமை அலுவலகம். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. தராசண்ணன் உதவியோடு அக்கா முன்பே பெயரைப் பதிந்து படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். டாக்டர் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது கைக்கு வந்ததே அந்த வெள்ளிக்கிழமை மதியம்தான்.

அன்றைக்குப் பார்த்து மழை. ரிங்லெட் பக்கம் மண் சரிந்து ஆபீஸ் இணைப்பு அறுந்துபோனது. சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மலை உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. கொழுந்து லோரியை நான் ஓட்டினேன், அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார மாட்டாத தராசண்ணன் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தார்.

இருந்தது ஒரு குடை. தராசண்ணனின் போனில் பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்டபோது மணி நாலரை. அக்கா போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"போடு தங்கச்சி."

"நீங்க பாக்குறீங்களே அண்ணே."

"நான் எங்க பாத்தேன், கிராணிதான் பாக்குறாரு."

"ரெண்டு பேருந்தான். யாரும் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"மணி ஆவுது தங்கச்சி."

"நீங்கதானே சொன்னீங்க."

வீடு போகப்போகிறது, இந்த நேரத்தில் என்ன ரகசியம் என்று கத்த எனக்கு வாய் வரை வந்துவிட்டது. தராசண்ணன் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "சொன்னது சொன்னதுதான். கிராணி, நீங்களும் திரும்புங்க."

இருவரும் தேயிலைச் செடிகளைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அவர் குடையை மட்டும் பின்பக்கமாக நீட்டி அக்காவின் தலைக்கு மேல் பிடித்தார். கை அசைந்தால் போன் நனையும். அதனால் அசையவில்லை.

"பெரிய எழுத்து எங்கண்ணே இருக்கு?"

"எடது பக்கம் அம்புக்குறி. ஒரே ஒரு தடவ அமுக்கு."

இரண்டு முறை தப்பாகி மூன்றாவது முறை திறந்தது. சான்றிதழைப் படம் பிடித்து ஏற்றினார்.

"என்ன காட்டுது?"

"சுத்துதுண்ணே."

"சுத்தட்டும்."

மழைநீர் தராசண்ணன் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பல் தந்தியடித்தது. குடை இருந்த இடத்தில் இருந்தது. ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது அக்கா மலாயில் வந்ததைப் படித்துச் சொன்னார். "பெர்ஜாயான்னு பச்சையில வந்திருக்கு. போயிருச்சுண்ணே."

"இப்ப திரும்பலாமா?"

"இருங்க, பக்கத்த மூடிக்கிறேன்."

அக்காவுக்கு வேலை கிடைத்தது, வீடு தங்கியது. தராசண்ணன் இப்போது ஆயாக் கொட்டகை ஜன்னலிலும் வகுப்பு எடுக்கிறார். பிள்ளைகள் உடனே தூங்கிவிடுகின்றன. அக்காவுக்கு அது பெரிய உபகாரம். அவர் என்ன பாஸ்வேர்டு வைத்தார் என்று அண்ணன் இன்றுவரை கேட்டதில்லை.

இத்தனை பக்கத்துக்கு அவரைக் கேலி செய்துவிட்டேன். ஆனால் ஆபீசில் வேறு யாராவது அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசட்டும், எனக்குப் பொறுக்காது.