மூட்டையைப் பிரிக்காமல் ஒரு வியாபாரம்

"மேடத்தோட சாதனையைப் பத்தி ரெண்டே நிமிஷம் பேசுங்க சார். விளம்பர இடைவேளை முடிஞ்சதும் வீடியோ கால் வரும். நேரலை, பாத்துக்குங்க."

டிவி நிலையத்திலிருந்து பேசிய சந்தியா போனை வைத்துவிட்டாள். முகம்மது ரிபாய் மட்டும் தம் போனைக் காதிலேயே ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

பேச்சுக்கு அவரிடம் பஞ்சமில்லை. சிக்கல் ஒன்றுதான். மனைவி உம்மு ஹானி என்ன சாதித்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

அவள் சொல்லாமல் இல்லை. போன வாரம் சாப்பிடும்போது, "மகளிர் தினத்துக்கு டிவியில எனக்கு விருது தர்றாங்க மச்சான், எதுக்குன்னா..." என்று தொடங்கி நெடுநேரம் சொன்னாள். ரிபாய் போனில் வேலை தேடிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு விட்ட இடங்களிலெல்லாம் "மாஷா அல்லாஹ்" போட்டு வைத்தார்.

அவர் மேற்பார்வை பார்த்த கடை மூடியதிலிருந்து ரிபாய் மனைவியின் விசாவில் இருந்தார். வளைகுடாவில் ஊர் உலகத்துக்கெல்லாம் விசா கொடுக்கும் கஃபீல் அரபியாக இருக்க, அவருக்கு மட்டும் கஃபீல் பக்கத்துத் தலையணையில் படுத்தாள். பகல் முழுக்க டிவி பார்த்து, எந்த நாட்டில் எந்த மந்திரி ராஜினாமா செய்தார் என்பது வரை தெரிந்துகொண்டார். உம்மு ஹானி ஏதோ கன்சல்டன்சியில் இருக்கிறாள் என்பது தெரியும். அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்க நேரம் வாய்க்கவில்லை.

இன்று உளறக் கூடாது. ஏனென்றால் இந்த நிகழ்ச்சியை வழங்குவது ராஸ் அல் கைமாவிலுள்ள ஒரு டைல்ஸ் கம்பெனி. அங்கேதான் விற்பனை மேனேஜர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். பதில் வரவில்லை. பதில் வராதவரை பரிசீலனையில் இருக்கிறது என்பது வேலை தேடுபவர்களின் மதம். முதலாளிகள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பெண்டாட்டி சங்கதியே தெரியாதவனுக்கு மார்க்கெட் சங்கதி எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டால்?

ஹானிக்குப் போன் போட்டார். ஸ்டூடியோவுக்குள் போகும்போதே அணைத்துவிட்டாள் போலிருக்கிறது.

சந்தியாவிடம் "எனக்குத் தெரியாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ரிபாய் கீழக்கரைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் யாரும் வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொன்னதில்லை. "குடோன்ல இருக்கு, உக்காருங்க" என்பார்கள். பின்வாசல் வழியாக ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் வாங்கி வருவார்கள்.

பக்கத்துக் கடை என்றால் இங்கே கனகா. அவர்கள் வாடகைக்கு இருந்த முவைலா ஃபிளாட்டின் இன்னொரு அறையில் கணவரோடு குடியிருப்பவள். ஹாலில் டிவியைப் போட்டுவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி, ஹானி செஞ்சதுலயே பெரிய காரியம் எதுன்னு நீ நெனைக்கிறே?"

"இதென்னண்ணே கேள்வி? லைசென்ஸ்தான்! ரோடு டெஸ்ட்டுல எங்க வீட்டுக்காரரே அழுதுக்கிட்டு வந்தாரு. அக்கா சிரிச்சுக்கிட்டுல்ல வந்தாங்க!"

ரிபாய்க்கு உயிர் வந்தது. சரக்கு கிடைத்துவிட்டது. எதற்கும் எடை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று சந்தியாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, டிரைவிங்கிலேருந்து ஆரம்பிக்கலாமில்ல?"

"டிரைவிங்கா? அய்யோ வேணாம் சார்! மேடம் அந்த முடிவ எடுத்தாங்கல்ல, அன்னிக்கு உங்க மனசு எப்படி இருந்துச்சு? அதச் சொல்லுங்க. அழுகை வந்தா அடக்காதீங்க சார், கேமராவுக்கு நல்லாருக்கும்."

போன் கட்டானது. ரிபாயின் முதுகில் ஏசியையும் மீறி வியர்வை இறங்கியது.

முடிவா? நான் எதற்கு அழ வேண்டும்?

அன்று சாப்பாட்டின் கடைசியில் ஹானி அவர் முகத்தையே பார்த்து, "உங்களுக்குக் கோவமில்லையே?" என்று கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. எதற்குக் கோபம்? அவர் அதற்கும் மாஷா அல்லாஹ்தான் சொல்லியிருந்தார்.

"தங்கச்சி," என்றார், "ஒரு பொம்பள ஒரு முடிவெடுக்கிறா. புருஷன் கேட்டா அழுவான். டிவியில விருது குடுப்பாங்க. என்னவா இருக்கும்?"

கனகா யோசிக்கவேயில்லை. "கிட்னி!"

"என்னது?"

"யாருக்கோ கிட்னி குடுத்திருக்காங்கண்ணே! போன மாசம் ரெண்டு நாளு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்கள்ல?"

"பல்லு பிடுங்கன்னுல்ல சொன்னா!"

"பல்லு பிடுங்கினதுக்கு யாருண்ணே விருது குடுப்பா?"

ரிபாய் சோபாவில் சரிந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மனைவியின் உடம்பில் கிட்னி ஒன்றா இரண்டா என்று தெரியாத மனிதனாகிவிட்டோமே! கனகா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனில் ஏதோ தட்டினாள்.

"யாருக்கு அனுப்புறே?"

"நம்ம பில்டிங் லேடீஸ் குரூப்புக்குண்ணே. துவா செய்வாங்கள்ல!"

"அடிப்பாவி! அத அழி!"

"ரெண்டு பேரு அழுது பதில் போட்டுட்டாங்கண்ணே."

அழைப்பு மணி அடித்தது. குரூப்பில் செய்தி பார்த்து யாரோ ஜூஸோடு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதே நொடியில் போனும் அடித்தது. வீடியோ கால்.

திரையில் தொகுப்பாளர் விஜயபாஸ்கர் பளபளத்தார். பக்கத்தில் பச்சைப் பட்டில் உம்மு ஹானி, கையில் கேடயத்தோடு. ரிபாய் அவள் இடுப்பையே உற்றுப் பார்த்தார். தையல் தெரியவில்லை.

"ரிபாய் சார்! மேடம் எடுத்த முடிவு உங்களுக்குத் தெரிஞ்சப்போ எப்படி இருந்துச்சு?"

ரிபாய் தொண்டையைச் செருமினார். மூட்டையைப் பிரிக்காமலே விற்க வேண்டியதுதான். வேறு வழியில்லை.

"என் மனைவியப் பத்தி நான் சொல்றத விட, அவ செஞ்சதே பேசும். ஒரு வார்த்தை தடுக்கல. மாஷா அல்லாஹ்ன்னு மட்டுந்தான் சொன்னேன்!"

கைதட்டல் எழுந்தது. ஹானியின் கண்கள் கலங்கின. ஆகா, வியாபாரம் சூடுபிடிக்கிறது!

"வேற ஆம்பளையா இருந்தா சண்டை போட்டிருப்பாங்களே சார்?"

"அவனெல்லாம் ஆம்பளையா? நானா இருந்தா இன்னும் முன்னாடியே செஞ்சிருப்பேன்!"

கைதட்டல் இரட்டிப்பானது. விஜயபாஸ்கர் குறும்பாகச் சிரித்தார். "அப்போ, இதுல பாதிக்கப்பட்டாரே ஒருத்தர், அவருக்கு என்ன சொல்றீங்க?"

பாதிக்கப்பட்டவன் ஒருவன் இருக்கிறானா? அப்படியானால் கிட்னி இல்லை! ரிபாயின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அந்த உற்சாகத்தில் குரல் உயர்ந்தது.

"அந்த ஆளுக்கு நல்லா வேணும்! பொம்பளதானே, என்ன செஞ்சிருவான்னு நெனச்சான் பாருங்க, அந்தத் திமிருக்கு இது பத்தாது!"

ஸ்டூடியோவே குலுங்கிச் சிரித்தது. சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று ரிபாயின் வணிக ரத்தம் சொன்னது. கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு சந்தோஷமான செய்தியும் சொல்லிடுறேன். இந்த நிகழ்ச்சிய வழங்குற டைல்ஸ் கம்பெனியிலதான் நான் மேனேஜரா சேரப்போறேன். அநேகமா முடிஞ்ச மாதிரிதான்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. விஜயபாஸ்கர் தம் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். உம்மு ஹானி கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஹால் டிவியில் சமையல் எண்ணெய் விளம்பரம் ஓடத் தொடங்கியது.

போனில் சந்தியாவின் குரல் மட்டும், சிரிப்பை அடக்க மாட்டாமல் வந்தது.

"கடைசியில ஒரு காமெடி அடிச்சீங்க பாருங்க சார்! அந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற பொறுப்புல இருந்துக்கிட்டு, சொந்தப் புருஷன் போட்ட விண்ணப்பத்தையே தகுதி பத்தாதுன்னு தள்ளினதுக்குத்தானே சார் மேடத்துக்கு இந்த விருது!"