தொண்ணூற்றாறு ஃபேனும் மருமகளின் கையெழுத்தும்

நாமக்கல்,
புதன்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் மதியழகன் அவர்களுக்கு, மைத்துனன் அருணகிரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை சாரதாமணியும் சௌக்கியம். தங்கள் மருமகள் நர்மதாவும் சௌக்கியம்தான், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். அங்கே ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எழுதக் காரணம், போனை எடுத்தாலே சாரதாமணி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவள் மகள் கட்சி.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்ணூற்றாறு அறை விடுதி கட்டுகிறார்கள். அதன் வயரிங் வேலைக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள். இருபது வருஷமாகக் கோழிப்பண்ணைக்கும் தீவன மில்லுக்கும் லைன் இழுத்த எனக்கு இதுதான் முதல் பெரிய வேலை. போட்டிக்கு என்னோடு சேர்த்து நாலு பேர். கொடுத்த காகிதங்களோ ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவில்லை. வரைபடத்தில் அறைக்கு நாலு ஃபேன், அளவுப் பட்டியலில் மூன்று, விதிமுறைப் புத்தகத்தில் ஃபேனை நிர்வாகமே வாங்கித் தரும் என்று இருக்கிறது. மெயின் கேபிள் வரைபடத்தில் காப்பர், பட்டியலில் அலுமினியம். மூன்று பேர் மூன்று ஊரில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் போல.

நிர்வாகத்தைக் கேட்டுவிடலாம் என்றாள் நர்மதா. "கேட்டா பதிலை நாலு பேருக்கும் அனுப்புவாங்க சாமி. நம்ம கண்டுபுடிச்சத நம்மளே தண்டோரா போடறதா?" என்றேன். பட்டியல்படி குறைவாகப் போட்டு வேலையைப் பிடித்துவிட்டு, மிச்சத்தைக் கூடுதல் வேலை என்று பிறகு வாங்கிக்கொள்வது என் திட்டம். அவள் விதிமுறைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "கேக்காம டெண்டர் போட்டா, எதுல செலவு அதிகமோ அதைச் செய்ய ஒத்துக்கிட்டதா அர்த்தமுங்கப்பா. அறைக்கு ஒண்ணுன்னு கூடுதலா தொண்ணூத்தாறு ஃபேனும் காப்பர் கேபிளும் நம்ம கைக்காசு. குடியிருக்கற ஊடு போயிருமுங்க."

எனக்கும் பயம் வந்தது, உங்களிடம் மறைப்பானேன். அதனால் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பூவாக்குக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் பட்டியல், சிவப்பு வந்தால் வரைபடம் என்று நினைத்து இரண்டு பொட்டலம் வைத்தேன். பூசாரி எடுத்தது வெள்ளை. வீட்டுக்கு வந்து சொன்னால், "ஏனுங்கப்பா, அந்த மூணாவது புத்தகத்துக்கு எந்தப் பூ வெச்சீங்க?" என்கிறாள். சாரதாமணி பாத்திரம் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், கம்பெனி லைசென்ஸ் நர்மதா பெயரில் இருக்கிறது. மகள் இன்ஜினியர் ஆகிவிட்டாள் என்ற பெருமையில் போன வருஷம் நான்தான் மாற்றினேன். அவள் கையெழுத்து இல்லாமல் டெண்டர் செல்லாது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியோடு கெடு முடிகிறது. அவளோ பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டாள். கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸில் வந்து, பெற்ற அப்பனின் அனுபவத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்று எடுத்துச் சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோருக்கும் குலதெய்வம் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அருணகிரி.

பின்குறிப்பு: புதன் மாலை நாலு மணி. கூரியரில் கொடுக்கக் கிளம்பும்போது நிர்வாகத்தின் பதில் வந்துவிட்டது. யார் யார் என்ன கேட்டார்கள் என்று பெயரோடு போட்டிருக்கிறார்கள். மற்ற மூன்று பேரும் போன வாரமே இதே சந்தேகத்தைக் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது என்று நான் பொத்தி வைத்திருந்தது இதைத்தான். நாலாவதாக எங்கள் கம்பெனி பெயரும் இருக்கிறது. நர்மதா திங்கட்கிழமையே எனக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறாள். கேபிள் காப்பர்தானாம், ஃபேனை அவர்களே தருகிறார்களாம். பட்டியல்படி அலுமினியத்துக்கு விலை போட்டிருந்தால் கேபிளிலேயே நான் கவிழ்ந்திருப்பேன். புது விலை போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். நர்மதா அதை என் கையிலிருந்து வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "மாமாவுக்கு அனுப்பிருங்கப்பா, எழுத்துல இருக்கட்டும்" என்றாள்.