நாற்பது மில்லிமீட்டர் பேரம்

ஆதிகாலம் தொட்டு மழை யாரையும் கேட்காமல்தான் பெய்துவந்தது. அந்த ஒழுங்கீனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை, பூனாவிலிருந்த ‘பருவநிலை விவேக உழவர் பயிற்சி மைய’த்தையே சாரும். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மழை அங்கேதான் முதன்முதலாகப் பேரத்துக்குப் பணிந்தது.

மையத்தின் பயிற்சியாளர் ரங்கராஜன், ஒப்பந்தத்தில் காலம் தள்ளும் கோயம்புத்தூர்க்காரர். கடக்வாஸ்லா அணையைச் சுற்றியுள்ள வெங்காய விவசாயிகளுக்கு ஆறு மாதமாக வானிலை அறிக்கையைப் படிக்கவும் மதிக்கவும் கற்றுக்கொடுத்திருந்தார். ‘மழை என்று செல்போனில் சேதி வந்தால் முதலில் களத்து வெங்காயத்தை மூடு, வீட்டுக் கல்யாணமே ஆனாலும் அப்புறம்தான்’ என்பது மூன்றாம் பாடம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அணைக்கரை மைதானத்தில் நிறைவு விழா. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். பந்தல் நிறைந்தால் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் வரும். ரங்கராஜனின் வேலை நிரந்தரமாகும். அதற்கான ஆணை இயக்குநர் அருணாச்சலத்தின் மேஜையில், கையெழுத்து ஒன்றே பாக்கியாகக் கிடந்தது.

உழவர்களுக்கு அனுப்பவேண்டிய மறுநாள் வானிலை அறிக்கையை ரங்கராஜன் அவரிடம் நீட்டினார்.

“எவ்வளவு போட்டிருக்கீர்?”

“நாற்பது மில்லிமீட்டர் சார். இடி மின்னலோட.”

“கல்யாண வீட்டுல வந்து எழவு சேதி சொல்றீரே. பத்துப் போடும்.”

“மேகம் அப்படி இருக்கு சார்.”

“மேகமா உமக்குச் சம்பளம் தருது?”

“முப்பத்தஞ்சு சார். அதுக்குக் கீழே கட்டுப்படியாகாது.”

லட்சுமி ரோடு புடவைக்கடைகளில்கூட இத்தனை நாகரிகமாகப் பேரம் நடந்ததில்லை. இயக்குநர் குரலை உயர்த்தவே இல்லை. ஆணையைப் பார்த்தபடி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். மூடி மூடும்போதெல்லாம் மழை குறைந்தது. கடைசியில் ஐந்துக்குப் படிந்தது. இடி முழுத் தள்ளுபடி. மின்னல் ஒழிந்தது. ‘ஆங்காங்கே’ என்ற சொல்லை இயக்குநர் கொசுறாக வாங்கிக்கொண்டார். ‘ஆங்காங்கே லேசான தூறல்’ என்று ஊரெங்கும் சேதி பறந்தது.

சாயங்காலம் பாபுராவ் போன் செய்தார். விவசாயிகள் குழுவின் தலைவர். மீசையையும் சந்தேகத்தையும் ஒருசேர வளர்த்தவர்.

“சாகேப், தூறல்னு சேதி வந்திருக்கு. களத்துல வெங்காயம் குவிஞ்சு கிடக்கு. அதை அப்படியே போட்டுட்டு எல்லாரும் டெம்போல ஏறி விழாவுக்கு வரலாமா?”

ரங்கராஜனுக்கு ஒரு கையில் நிரந்தர வேலை, மறு கையில் ஊர் வெங்காயம்.

“அறிக்கையில என்ன இருக்கோ அதுதான் பாபுராவ்.”

“அது சரி. நாளைக்கு நீங்க குடை கொண்டு வருவீங்களா?”

ரங்கராஜன் மூலையில் சாத்தியிருந்த குடையைத் திரும்பிப் பார்த்தார்.

“கொண்டு வருவேன்.”

“மடக்குற சின்னதா, பெருசா?”

“பெருசு.”

“போதும் சாகேப். வச்சுடறேன்.”

வெள்ளிக்கிழமை பந்தலில் நாற்காலிகள் மட்டுமே தவறாமல் ஆஜராகியிருந்தன. அருணாச்சலம் அசரவில்லை. போபோடியிலிருந்து பந்தல் போட வந்திருந்த அப்துல் காதரையும் அவர் ஆட்களையும் முன்வரிசையில் உட்காரவைத்து, உழவர்களாக நியமித்தார். டெல்லி அதிகாரி மைக்கைப் பிடித்ததும் மழை வந்தது. அடிமாட்டு விலை தனக்குக் கட்டாது என்று முழுச் சரக்கையும் ஒரே இடத்தில் இறக்கியது. பந்தல் படுத்துக்கொண்டது. ரங்கராஜனின் குடைக்குள் இயக்குநரும் அதிகாரியும் ஒண்டினார்கள். பிடியைப் பிடித்தபடி ரங்கராஜன் வெளியே நனைந்தார்.

“தூறல்னுதானேய்யா எழுதினீர்? இவ்வளவு பெரிய குடை எதுக்கு?”

“நீங்க பேரத்துல குறைச்ச பாக்கி முப்பத்தஞ்சுக்கு சார்.”

தமிழ் தெரியாத டெல்லி அதிகாரி இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார். அந்நேரம் ஊரில் வெங்காயம் தார்ப்பாய்க்கு அடியில் சொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

மையம் டெல்லிக்கு அறிக்கை அனுப்பியது: ‘தூறல் மட்டுமே என்று தெளிவாகத் தெரிவித்தும் உழவர்கள் நம்பவில்லை. அவர்களது அறியாமை ஆழமானது. இரண்டாம் கட்டப் பயிற்சி இன்றியமையாதது.’ டெல்லி மனமிரங்கி இருமடங்காகக் கொடுத்தது. பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. ரங்கராஜனின் ஆணையிலும் கையெழுத்து விழுந்தது.

அதன் அடியில் புதிதாக ஒரு விதி சேர்ந்திருந்தது: ‘அலுவலர் குடையுடன் காணப்படுவது, வானிலைத் தகவலை அனுமதியின்றி வெளியிட்ட குற்றமாகக் கருதப்படும்.’