அரை மணியில் நிற்காத கேமரா

அரை மணி நேரம் கடந்தும் கேமராவின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் பேசிக்கொண்டிருந்த தலைவர் புவனேஸ்வரனை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? அவர் பேச்சை நிறுத்துவது அவர் கையில் இல்லை என்பது குருண் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

புவனேஸ்வரன் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குத் தலைவர், பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர், காற்பந்துக் குழுவுக்கும் தலைவர். எந்தக் கல்யாண விருந்தானாலும் சாப்பாட்டுக்கு முன்னால் அவருடைய வாழ்த்துரை உண்டு. கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிற வரைக்கும் பேசுவார். பதிவாகிக்கொண்டிருக்கும்போது வாயை மூடினால் பதிவு வீணாகிவிடுமே என்பது அவர் கட்சி. நல்லவேளையாக, வீடியோ எடுக்கிற ரஃபேலின் கேமரா அரை மணி நேரம் படம் பிடித்ததும் தானாக நின்றுவிடும். விளக்கு அணையும். "நேரம் கருதி இத்துடன் முடித்துக்கொள்கிறேன்" என்பார் தலைவர். கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் கேமராவுக்கு.

இப்படி ஊரே நிம்மதியாக இருந்த ஏற்பாட்டைத்தான் போன வாரம் ரஃபேல் கெடுத்தான்.

சுங்கைப் பட்டாணியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவன் ஸ்டூடியோ. கேமரா கம்பெனி புதிய மென்பொருள் விட்டிருக்கிறது என்று தெரிந்ததும் அதை இறக்கி, கார்டில் போட்டு, கேமராவில் ஏற்றிவிட்டான். காசு கொடுக்காமலேயே பழைய கேமரா புதிதாகிவிட்டது. அரை மணி நேரக் கட்டுப்பாடு ஒழிந்தது. சூடானால் சட்டென்று அணைந்துபோகிற வியாதி ஒழிந்தது. பவர் பேங்கைச் செருகினால் அதிலேயே ஓடும். கூட்டத்தில் முகங்களைத் தானே தேடிப் பிடித்து, திரை நிறையப் பெரிதாக்கிக் காட்டும். ஏற்றினால் ஏற்றியதுதான், பழையபடி மாற்ற முடியாது என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

ஏற்றியதோடு சும்மா இருந்தானா? ஊர் வாட்ஸ்அப் குழுவில் அத்தனையையும் பெருமையாகப் போட்டு, "இனிமேல் அரை மணியில் நிற்காது!" என்று முடித்திருந்தான். முதல் பதில் தலைவரிடமிருந்து வந்தது. மூன்று ரோஜாப்பூ, ஒரு கும்பிடு, 'இந்தச் சமுதாயத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது.'

அதன் பலனைத்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம், பசித்த வயிற்றோடு முந்நூறு பேர் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

ரஃபேலுக்குப் பசி இல்லை. அவனுக்குப் பயம். இந்தக் கல்யாண விருந்துக்குச் சமையல் அகத்தா. குருணில் பத்துக் கல்யாணம் நடந்தால் எட்டுக்கு அவர்தான் சமைப்பார். அவருடைய மகள் வனேசாவைத்தான் ரஃபேல் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். வனேசாவும் சம்மதம் சொல்லிவிட்டாள். அகத்தா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியிற பையன். ஒரு அவசரம்னா கூட நிப்பானா? பாத்துதான் சொல்லணும்" என்று ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று காலையில் வனேசா செய்தி அனுப்பியிருந்தாள்: 'அம்மா இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்றேன்னுட்டாங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஒழுங்கா இரு லா. ஏச்சு வாங்கிடாதே.'

அகத்தாவின் சமையலும் இந்தக் கேமராவின் கணக்கில்தான் ஓடும். விளக்கு அணைந்ததும் அண்டாக்களின் மூடியைத் திறப்பார். நெய்ச்சோறு ஆவி பறக்க வெளியே வரும். அந்தச் சூட்டுக்குத்தான் அவருக்குப் பேர்.

இப்போது சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார் அகத்தா. கையில் கரண்டி, நெற்றியில் வியர்வை. மேடையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். கடைசியில் ரஃபேலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். செத்தோம், சோறு ஆறுகிறது என்று ரஃபேல் நினைத்துக்கொண்டான்.

மாப்பிள்ளையின் அப்பா சிவநேசன் குனிந்தபடியே ஓடி வந்தார்.

"தம்பி, என்னா இது? லைட்டு இன்னும் எரியுது?"

"அப்டேட் பண்ணிட்டேண்ணே. இனிமே நிக்காது."

"யாரு பண்ணச் சொன்னா?"

"கம்பெனிக்காரன்."

"கம்பெனிக்காரன் குருணுக்கு வந்து நம்ம தலைவர் பேச்சைக் கேட்டிருக்கானா? சம்பந்தி வீட்டுக்காரங்க கொட்டாவி விடறாங்க. நிறுத்து லா, தம்பி."

அதுவும் சரிதான், நிறுத்த ஒரு பொத்தான் இருக்கவே இருக்கிறதே என்று ரஃபேல் அமுக்கினான். விளக்கு அணைந்தது. மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. பின்வரிசையில் நாலு பேர் எழுந்தே விட்டார்கள்.

தலைவரும் பேச்சை நிறுத்தினார். ஆனால் மைக்கை விடவில்லை.

"ரஃபேல் தம்பி, லைட்டு அணைஞ்சு போச்சே. நிக்காதுன்னு குரூப்ல போட்டிருந்தீங்களே?"

முந்நூறு தலையும் ரஃபேல் பக்கம் திரும்பின. "அது வந்து தலைவரே… கை தவறிப் பட்டிருச்சு" என்று உளறினான்.

"பரவால்ல, பரவால்ல. திரும்பப் போடுங்க. எதுவரைக்கும் பதிவாச்சுன்னு தெரியலியே… நான் முதல்லேருந்தே சொல்லிடறேன்."

எழுந்த நாலு பேரும் உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்தது. தலைவரின் பேச்சில் மாப்பிள்ளையின் தாத்தா சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்தில் இரண்டாம் முறையாக வந்து இறங்கினார்.

அகத்தா மறுபடி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். இந்த முறை முகத்தில் ஈயாடவில்லை. அவரிடம் வேலை செய்யும் குணசுந்தரி ஒரு தம்ளர் தண்ணீரோடு மேடைக்குப் போனாள். தண்ணீரைக் கொடுக்கும்போது தலைவரின் காதில் ஏதோ சொன்னாள். முடித்துக்கொள்ளச் சொல்லி அகத்தா அனுப்பியிருக்கிறார் என்று ரஃபேலுக்கு உயிர் வந்தது. தலைவர் தலையை ஆட்டிக் கேட்டார். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு முன்னைவிட உரத்த குரலில் ஆரம்பித்தார். என்ன மனுஷன் இவர் என்று ரஃபேலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த வழி, பொய். பேட்டரியை மெல்ல உருவினான். மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரை இருண்டது.

"இப்ப என்னா தம்பி?"

"பேட்டரி முடிஞ்சிருச்சு தலைவரே. வேற பேட்டரியும் இல்ல." காலையில்தான் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தான். ஆண்டவரே மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கைப்பேசிக் கடை அழகேசன். செங்கல் மாதிரி ஒரு பவர் பேங்க் வைத்திருந்தார்.

"தம்பி, இந்தாங்க! இதுல ஓடும்னு நீங்கதானே போட்டிருந்தீங்க? காலையிலதான் ஃபுல்லா சார்ஜ் போட்டேன். மூணு நாளைக்குத் தாங்கும்!"

சுற்றியிருந்தவர்கள் அழகேசனைப் பார்த்த பார்வையில் மனுஷன் எரிந்து போயிருக்க வேண்டும். எரியவில்லை. சிரித்த முகத்தோடு வந்து, தானே வயரையும் செருகிவிட்டுப் போனார். ரஃபேல், தீர்ந்துபோனதாகச் சொன்ன பேட்டரியையே வெட்கமில்லாமல் திரும்பப் போட்டான். இனி கேமராவுக்குச் சாவே இல்லை.

"தம்பி அழகேசனுக்கு நன்றி" என்றார் தலைவர். அழகேசனின் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒரு குழந்தை அழுதது. சிவநேசன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ரஃபேலுக்கு இன்னொரு யோசனை வந்தது. கேமராவை ஜனங்கள் பக்கம் திருப்பிவிட்டால்? கொட்டாவி விடுகிற முகங்களும் அழுகிற பிள்ளைகளும் திரையில் வந்தால் தலைவருக்கே மனசு இளகாதா? திருப்பினான்.

திரும்பியதுதான் தாமதம், புதிய மென்பொருள் தன் வேலையைக் காட்டியது. யார் கேட்டது? கூட்டத்தில் ஒரு முகத்தைத் தானே பிடித்துத் திரை நிறையக் காட்டியது. நவமணி அக்கா. வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆகா! நம்ம நவமணி!" என்றார் தலைவர், திரையைப் பார்த்து. "இவங்களப் பத்திச் சொல்லாம இருக்க முடியுமா? இவங்க வீட்டுக்காரரும் நானும் ஒண்ணா வேலை பாத்தவங்க…"

நவமணியின் குடும்பக் கதை முடிவதற்குள் கேமரா அடுத்த முகத்துக்குத் தாவியது. இருளப்பன். தலைவருக்கு இருளப்பனின் மூன்று தலைமுறையும் அத்துப்படி. அப்புறம் ஒரு பாட்டனார். அப்புறம் பினாங்கிலிருந்து வந்த யாரோ ஒரு அம்மாள். அவரைத் தலைவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? மேடையிலிருந்தே விசாரித்தார். அந்த அம்மாளும் எழுந்து நின்று, ஊர், பேர், பிள்ளைகள் என்று விவரமாகப் பதில் சொன்னார்.

அந்த முகம் பிடிக்கிற வசதியை அணைக்க ரஃபேல் மெனுவுக்குள் நுழைந்தான். புதிய மென்பொருளில் மெனுவையும் மாற்றித் தொலைத்திருந்தார்கள். போன வாரம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது எந்தப் பக்கத்திலும் இல்லை. "அலமாக்" என்று முனகிக்கொண்டே தேடினான். தேடத் தேட முகங்கள் மாறின. தங்கள் முகம் வந்துவிடுமோ என்று ஜனங்கள் கை துடைக்கும் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மேசைக்கு அடியிலேயே குனிந்துவிட்டார்கள். கடைசியில் ஒன்றும் நடக்காமல் கேமராவை மேடைக்கே திருப்பினான். வனேசாவை நினைத்துக்கொண்டான். அழுகை வரும்போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் அகத்தா மூன்றாம் முறையாக வாசலுக்கு வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்தார்.

"…அந்தச் சைக்கிளை எடுத்துக்கிட்டு இருளப்பனோட மச்சான் நேரா பீடோங்குக்குப் போய், அங்க என்ன பண்ணாருன்னா" என்று சொல்லிக்கொண்டிருந்த தலைவர், மூச்சுக்கூட விடாமல், "நேரம் கருதி இத்துடன் முடித்துக்கொள்கிறேன், நன்றி, வணக்கம்" என்று மைக்கை வைத்துவிட்டு இறங்கினார்.

இருளப்பனின் மச்சான் பீடோங்கில் என்ன பண்ணினார் என்று கேட்க ஆள் இல்லை. அண்டாக்களின் மூடி திறந்து, நெய்ச்சோற்றின் வாசனை மண்டபத்தை நிறைத்தது. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் வரிசைக்கு ஓடினார்கள். சிவப்பு விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரஃபேல் கேமராவை அணைத்துவிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் சாய்ந்தான். எல்லாம் முடிந்தது. சாயங்காலம் வரப்போகிற பதில் என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

நிமிர்ந்தால், எதிரே அகத்தா. கையில் ஒரு தட்டு. நெய்ச்சோறு, அதன்மேல் ஆட்டுக்கறி குவித்திருந்தது, அரைத்த தேங்காய்த் துவையல், அவித்த முட்டை ஒன்றுக்கு இரண்டு. யாருக்கும் தன் கையால் தட்டு எடுத்துக்கொண்டு போகாதவர் அகத்தா.

"சாப்பிடுங்க" என்றார்.

ரஃபேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதமாக 'வா, போ' என்று பேசியவர், இன்று 'சாப்பிடுங்க' என்கிறார். கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டால் பெரியவர்களுக்கு மரியாதை வந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய அம்மாவும் அப்படித்தான். உண்மையைச் சொல்லிக் காலில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

"ஆன்ட்டி, மன்னிச்சிருங்க. தப்புதான். ஆனா என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணினேன் ஆன்ட்டி. அவரை நிறுத்துறதுக்கு நான் படாத பாடு இல்ல. பட்டனை அமுக்கினது கை தவறி இல்ல, வேணும்னுதான். பேட்டரியையும் நான்தான் உருவினேன். கேமராவைத் திருப்பினதும் நான்தான். பழைய மாதிரி இருந்திருந்தா அரை மணியிலயே மூட்டை கட்டி அனுப்பியிருப்பேன், சத்தியமா! இந்தப் பாழாப்போன அப்டேட்தான் ஆன்ட்டி விடல."

அகத்தா நீட்டிய தட்டு மெதுவாகப் பின்னால் போனது.

"அப்ப நீ நிறுத்தத்தான் பாத்தியா?"

"ஆமா ஆன்ட்டி! அத்தனை தரமும்!"

"சரிப்பா" என்றார் அகத்தா. "நீ போய் வரிசையில நில்லு."

தட்டை எடுத்துக்கொண்டு போய், அழகேசனிடம் கொடுத்தார். அழகேசன் ஒன்றும் புரியாமல் இரண்டு முட்டையையும் பார்த்துச் சிரித்தார்.

ரஃபேல் வரிசையின் கடைசியில் போய் நின்றான். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பரிசா என்று மனசு எரிந்தது. அவன் முறை வந்தபோது நெய்ச்சோறு இருந்தது, கறியில் எலும்பும் குழம்பும் மிச்சம் இருந்தன. கரண்டியோடு நின்ற குணசுந்தரி அவனைப் பார்த்து அடிக்குரலில் படபடத்தாள்.

"என்னண்ணே அம்மாகிட்ட இப்படி உளறிட்டீங்க? கேஸ் தோங் காலியாகி அடுப்பு அணைஞ்சு, சோறு பாதி வேக்காட்டுல நின்னு, வேற சிலிண்டர் வர்ற வரைக்கும் பேச்சை இழுக்கச் சொல்லித் தலைவர்கிட்ட அம்மா என்னை அனுப்பினாங்க. 'பாருடி, லைட்டு அணைஞ்சு அணைஞ்சு போனாலும் விடாம ஏத்தி என் மானத்தைக் காப்பாத்துறாரு என் மாப்பிள்ளை'ன்னு, உங்களுக்குத் தட்டு எடுக்குறதுக்கு முன்னாடிதான் ஃபாதருக்கு போன் போட்டுக் கல்யாணத்துக்குத் தேதி கேட்டாங்க!"